பத்தாம் திகதிக் கணக்கு

பொகவந்தலாவையில் நாங்கள் கடனுக்குச் சாமான் வாங்கும் கடையில் வருடப் பிறப்புக்கு ஒரு காலண்டர் தருவார்கள். அம்மா அதில் தினமும் தான் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையைக் கிலோவில் எழுதி வைப்பார்: 17, 19, 16, மழை, 21. பத்தாம் திகதி சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நாள் பெயர், அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, விடுபட்டிருந்தால், ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையைத் தேடிப் போய்விடுவார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதை 2019 மார்ச்சில் முடிவு செய்தது அந்தக் காலண்டர்தான்.

இப்போது தம்பியின் முறை. அவன் தொலைபேசியில் கேட்பதற்கெல்லாம் துண்டு துண்டாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். அவனைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும், முக்கியமாக அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் உதவலாம்.

2018 ஆகஸ்ட்டில் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். ஹட்டனில் ரியூஷன், விடியுமுன் பஸ், நோர்வூட் தாண்டும்வரை ஜன்னலில் தலை மோதத் தூக்கம். டிசம்பர் கடைசியில் முடிவு வந்தபோது பொறியியலுக்கு என் இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி) எட்டாது என்பது தெரிந்துவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மென்பொருள் படிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

அரசப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி சார்ந்த படிப்புகளை மட்டும் நிரப்பிவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விட்டேன். கலை தவிர்ந்த பெரும்பாலான படிப்புகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும் போகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் நுவரெலியா அதில் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத படிப்பு அதே புள்ளிக்கு நமக்குக் கிடைக்கக்கூடும். கட்டணம் இல்லை, மகாபொல என்ற அரச உதவித்தொகை வேறு. நான் வெறுமையாக விட்ட வரிகளில் ஒன்றில் எனக்கு இடம் இருந்திருக்கலாம். ஒவ்வொரு படிப்புக்கும் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளி வெளிவரும்வரை அது தெரியாது. வெளிவருவதற்கோ பல மாதங்கள். தனியார் நிறுவனங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. “இருபத்தெட்டாம் திகதிக்குள் பதில் சொல்லுங்கள்” என்பார்கள்.

எனக்கு இரண்டு இடங்களிலிருந்து கடிதம் வந்தது. இரண்டும் கொழும்புப் பக்கம். பெயர்கள் வேண்டாம், வீட்டில் நாங்கள் பெரிய இடம், சின்ன இடம் என்றுதான் சொல்வோம்.

பெரிய இடத்தை நேரில் போய்ப் பார்த்தது என் தவறு என்று அப்பா பிறகு வேடிக்கையாகச் சொல்வார். ஆய்வுகூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணினி, குளிரூட்டி, சுவரில் மாணவர் செய்த செயலிகளின் படங்கள். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம், 3 வருடம். சின்ன இடம் பிரதான வீதியில் ஒரு மாடிக் கட்டடம். கீழே மருந்துக் கடை. உள்ளூர்ப் பட்டம், 4 வருடம். ஆனால் அவர்கள் நடத்திய பரீட்சையில் நான் நல்ல புள்ளி எடுத்திருந்ததால் முழுக் கற்கைக் கட்டணத்துக்கும் புலமைப்பரிசில் தருவதாக எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பெரிய இடம்தான் வேண்டும். அழுது அடம்பிடித்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. அப்பா என் பக்கம். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, உடம்பில் தேயிலைத் தூள் வாடையோடு, “படிக்கிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது, எப்படியாவது பார்ப்போம்” என்றார். அந்த ‘எப்படியாவது’ என்ற சொல்லைத்தான் அம்மா பிடித்துக்கொண்டார்.

பெரிய இடத்தின் கடிதத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். உள்ளூர்க் கட்டணம் 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு 2,400 பவுண்.

அம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். “இரண்டாயிரத்து நானூறு பவுணா? இந்தத் தோட்டத்தில் இருக்கிற எல்லாக் கழுத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு தங்கம் தேறாதே!”

அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அது வெள்ளைக்காரர் காசு என்று விளக்கினோம். அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு பவுண் 230 ரூபாய் அளவில் நின்றது. ஐந்தரை இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “தங்கம் ஏறுவது போல இதுவும் ஏறுமா?” என்று கேட்டார். ரியூஷன் சேரிடமோ, கல்லூரியின் வரவேற்பு மேசையிலோ நான் கேட்காத கேள்வி அது. கொஞ்சம் ஏறும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பிறகு காலண்டரைக் கழற்றித் தரையில் விரித்தார். “ஒன்பது இலட்சம், பத்து இலட்சம் என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. எந்த மாதம் எவ்வளவு என்று சொல்.”

ஒவ்வொரு தொகையையும் அது விழும் மாதத்தில் எழுதச் சொன்னார். பெரிய இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 80,000. அந்த வருடம்தான் அடிப்படை நாட்சம்பளம் 500 இலிருந்து 700 ரூபாயாகியிருந்தது. மழையும் சுகவீனமும் போக அம்மாவுக்கு மாதம் 20 நாள் பெயர் விழுந்தால் நல்ல மாதம். அப்பாவின் மேலதிக நேரத்தையும் சேர்த்து, கடைக் கடனையும் தம்பியின் செலவையும் கழித்தால், கையில் நிற்பது ஆறாயிரம். நீட்டி முழக்கினால் ஏழாயிரம். அம்மாவின் சங்கிலி இரண்டு பவுண். அடகு வைத்தால் எண்பதாயிரம் கிடைக்கும். “அப்படியானால் ஒரு தவணைக்கு ஒரு சங்கிலி. வருடத்துக்கு நான்கு சங்கிலி வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்று” என்றார். குரலில் கோபமே இல்லை. கொழுந்து நிறுப்பது போலச் சொன்னார்.

வேலை ஓயும்போது கிடைக்கும் சேமலாப நிதியைப் பற்றி அப்பா பேசினார். வேலையில் இருக்கும்போதே 30 வீதத்தை எடுக்க வழி உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழி உண்டுதான், ஆனால் அது வீட்டுக்கும் மருத்துவச் செலவுக்கும். படிப்புக்கு இல்லை. வீடு கட்டுவதாகக் காட்டி எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு எந்தக் காணியில் வீடு கட்டுவதாகக் காட்டுவது? 2017 இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனையும் விசாரித்தேன். பட்டியலிலுள்ள நிறுவனங்களில், பட்டியலிலுள்ள பட்டங்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். நான் ஆசைப்பட்டது அதில் இல்லை. இந்தக் கடனை யோசிப்பவர்கள் கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், அந்த வருடத்துப் பட்டியலில் அந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று தாங்களே பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஒரு பட்டம் இருக்கும், மற்றது இருக்காது.

இப்படிச் சொன்னால் சின்ன இடம் இலவசம் போலத் தோன்றும். அதன் வரிசையையும் அம்மா எழுதச் சொன்னபோதுதான் கண் திறந்தது. பதிவுக் கட்டணம் 30,000, ஒவ்வொரு செமஸ்டருக்கும் பரீட்சைக் கட்டணம் 6,000. புலமைப்பரிசில் கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போர்டிங் அறை மூவரோடு பகிர்ந்தால் மாதம் 9,500, அதற்கு மேல் சாப்பாடு, பஸ். மொத்தத்தில் மாதம் ஏறத்தாழ இருபதாயிரம். அம்மா, “போர்டிங் இரண்டு பக்கமும் வருகிறதே, இதை வெட்டு” என்று இரண்டு வரிசையிலும் கோடு போட்டார். பிறகு நிறுத்தி, “இல்லை, இங்கே மூன்று வருடம், அங்கே நான்கு வருடம்” என்று ஒரு வருடத்தைத் திரும்ப எழுதினார். அது மட்டுமே இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். அந்த நான்காம் வருடம் நான் சம்பாதிக்காமல் இருக்கப்போவதையும் அதோடு சேர்க்க வேண்டும். புலமைப்பரிசில் என்ற சொல்லின் இனிப்பில் இதை யாரும் பார்ப்பதில்லை.

இடையில் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆங்கில டீச்சர் சொல்லித்தான் செய்தேன். பெரிய இடத்துக்கு, எனக்கு வேறிடத்தில் முழுப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது, ஆனாலும் உங்களிடம் படிக்கவே விரும்புகிறேன், என்ன உதவி செய்ய முடியும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நம் ஆட்களுக்கு இதில் பெரிய கூச்சம். கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். துரையிடம் கேட்டுக் கேட்டு, இல்லை என்ற பதிலையே வாங்கிப் பழகிய தலைமுறையின் பிள்ளைகள் அல்லவா! கேட்டதற்கு யாரும் கோபிக்கவில்லை. உள்ளூர்க் கட்டணத்தில் 15 வீதம் குறைக்கிறோம், மாதத் தவணையாகவும் கட்டலாம் என்று பதில் வந்தது. பவுண் பகுதியில் குறைப்பு இல்லை. சின்ன இடத்திடமும் பத்து நாள் கால நீட்டிப்புக் கேட்டேன், தந்தார்கள். முடிவுத் திகதி என்று கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் பேசிப் பார்க்கக்கூடிய திகதிதான்.

15 வீதம் போகப் பெரிய இடத்துக்கு மாதம் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் வந்தது. அம்மா அதைக் காலண்டரில் எழுதவே இல்லை. பென்சிலை என்னிடம் தந்து, “நீயே எழுது பாப்பா” என்றார். ஏப்ரல் கட்டத்தில் எழுதினேன், மே கட்டத்தில் எழுதினேன், ஜூனில் கை நின்றுவிட்டது.

மறுநாள் சின்ன இடத்துக்குச் சம்மதம் சொன்னேன். புத்திசாலித்தனத்தால் எடுத்த முடிவென்று யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். வழியில்லாமல் எடுத்த முடிவு. இரண்டு வாரம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. பாவம், என் பக்கம் நின்றவர் அவர்தான்.

சேரும் முன் ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்தேன்: அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்பதை. உள்ளூர் தனியார் பட்டமானால் கல்வியமைச்சின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு இருந்தால் போதாது. வெளிநாட்டுப் பட்டமானால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாளில் அரச வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மே மாதம் தொடங்க வேண்டிய வகுப்பு ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. கொழும்பு என்றாலே அப்பா பயந்த நாட்கள் அவை. போனேன். முதல் செமஸ்டரில் தரப்புள்ளிச் சராசரி (GPA) 3.52 எடுத்தேன். வார இறுதியில் போர்டிங்குக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். பஸ் காசும் கொஞ்சம் சாப்பாடும் அதில் ஓடின. மீதியை மாமா ஒரு வருடம் தாங்கினார்.

2020 மார்ச்சில் நாடு மூடப்பட்டது. தோட்டத்துக்குத் திரும்பினேன். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மேட்டு லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். அம்மாவின் பழைய படங்கை விரித்து, ஒரு கையில் குடை, மடியில் இரவல் மடிக்கணினி. வகுப்பு முடிந்து எழுந்தால் காலில் அட்டை. இரண்டாம் செமஸ்டரின் ஒரு பரீட்சையில் பாதியில் இணைப்பு அறுந்து, திரும்ப வந்தபோது நேரம் முடிந்திருந்தது. அந்த செமஸ்டர் 3.18.

புலமைப்பரிசில் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், ஒவ்வொரு செமஸ்டரிலும் 3.30 இற்குக் குறையக் கூடாது என்று இருந்தது. நான் வாசித்திருந்தேன். வாசித்தபோது 3.30 என்பது எட்டாத உயரமாகத் தெரியவில்லை. படிப்பைத் தவிர வேறு எதுவும் குறுக்கே வரலாம் என்று யோசிக்கவே இல்லை. அடுத்த செமஸ்டருக்கு முழுக் கட்டணம் 1,35,000 ரூபாய் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பரீட்சை அறுந்த நேரத்தின் ஸ்கிரீன்ஷாட், கிராம உத்தியோகத்தரின் கடிதம், அப்பா அம்மா இருவரின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து மேன்முறையீடு செய்தேன். மூன்று வாரம் கழித்துப் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். மீதிப் பாதிக்கு, இத்தனை கணக்குப் பார்த்துக் காப்பாற்றிய அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அடுத்த செமஸ்டரில் புள்ளியை ஏற்றிப் புலமைப்பரிசிலைத் திரும்பப் பெற்றேன். ஆனால் அந்த ஆறு மாதமும் எனக்கு நல்ல தூக்கமில்லை.

ஆகவே புலமைப்பரிசில் கிடைத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு தருகிறீர்கள் என்பதோடு முடிவதில்லை. எந்தப் புள்ளிக்குக் கீழே போனால் நிற்கும்? ஒரு செமஸ்டர் தவறினால் ஒரேயடியாகப் போய்விடுமா, திரும்பப் பெறலாமா? போன வருடம் பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் வைத்திருக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதோடு, நிற்கும் ஒரு செமஸ்டருக்கான கட்டணத்தை எங்கிருந்து எடுப்பது என்று சேரும் முன்பே வீட்டில் பேசி வையுங்கள். எங்களிடம் சங்கிலி இருந்தது. அதை முதலிலேயே பெரிய இடத்தின் முதல் தவணைக்குக் கொடுத்திருந்தால் இந்த இடத்தில் என் படிப்பு முடிந்திருக்கும்.

பெரிய இடத்துக்குப் போன தோழி ஒருத்தி இருக்கிறாள். ஹட்டனில் ஒரே ரியூஷன், ஒரே வாங்கு. அவளுடைய அண்ணன் கட்டாரில் வேலை செய்தார். மாதாமாதம் பணம் வந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தபோது அவள் கடைசி வருடத்தின் வாசலில் நின்றாள். சில மாதங்களில் ஒரு பவுண் 400 ரூபாயைத் தாண்டிப் போனது. ஐந்தரை இலட்சம் பத்து இலட்சமாயிற்று. தங்கப் பவுணும் சேர்ந்தே ஏறியது. அம்மாவின் பழைய கேள்வியை அவளிடம் சொன்னபோது இருவருமே சிரிக்கவில்லை. அண்ணன் அனுப்பியது வெளிநாட்டுக் காசு என்பதால் அவள் முழுவதுமாக மூழ்கவில்லை. ஆனாலும் ஒரு வருடத்தைத் தள்ளிப்போட்டு, அழைப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்த்து மீதியைச் சேர்த்தாள். ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமலிருந்த நாட்களில் நான் மெழுகுவர்த்தியில் படித்தேன், அவள் இரவு வேலைக்குப் போனாள்.

இதை அவளுக்குக் கிடைத்த தண்டனையாகவும் எனக்குக் கிடைத்த பரிசாகவும் சிலர் பேசுகிறார்கள். உண்மை வேறு. அவள் இன்று என்னைவிட நல்ல நிறுவனத்தில், என்னைவிடக் கூடிய சம்பளத்தில் இருக்கிறாள். பெரிய இடம் உண்மையிலேயே நல்ல இடம். பயிற்சி வேலைக்கு நான் முப்பது இடங்களுக்கு எழுதி நடையாய் நடந்தபோது, அவளைக் கல்லூரியே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆங்கிலத்தில் பேச எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது; அவளுக்கு அடைப்பதில்லை. என் கல்லூரி எனக்குத் தராததை நான் இணையத்தில் இரவிரவாகத் தேடிக் கற்றேன். அது முடியும், ஆனால் களைப்பு.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்த அண்ணன்தான். ஒரு தவணை தவறினால் தாங்க வீட்டுக்கு வெளியே இன்னொரு தோள் இருந்தால், விரும்பிய இடத்துக்கே போ என்று நான் சொல்வேன். கடன் பட்டாவது போ. அந்தத் தோள் இல்லையென்றால், உன் அப்பாவும் அம்மாவும் மட்டுமே இரு தூண்களும் என்றால், அவர்களில் ஒருவருக்கு மூன்று மாதம் சுகமில்லாமல் போனால் காலண்டர் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார். 2021 இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் தோட்டத்தில் பறிக்க வேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. அதே வருடம் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, மலையில் கொழுந்து குறைந்தது. அம்மாவின் காலண்டரில் 20 பெயர் விழுந்த மாதங்கள் 13, 12 என்று இறங்கின. அந்த மாதங்களில் இருபத்திரண்டாயிரம் கட்ட வேண்டியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைக்க இன்றும் எனக்குத் தைரியமில்லை.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக உதவித்தொகை வழங்குகிறது. அறிவித்தல் பத்திரிகையில் வரும். நான் ஒரு வருடம் கவனிக்காமல் தவறவிட்டேன். தொகை சிறியதென்று முகம் சுளிக்க வேண்டாம். பத்தாம் திகதிக்கு முந்திய வாரத்தில் எந்தத் தொகையும் சிறியதில்லை.

2023 இல் வேலை கிடைத்தது. மென்பொருள்களைச் சோதிக்கும் வேலை. முதல் மூன்று சம்பளத்தில் சங்கிலியை மீட்டேன்.

தம்பி 2024 உயர்தரம். இந்த முறை விண்ணப்பத்தின் எல்லா வரிகளையும் நிரப்ப வைத்தேன். வெட்டுப்புள்ளிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு தனியார் நிறுவனம் 50 வீதப் புலமைப்பரிசில் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அவன் குதித்தான். அம்மா அவனைக் காலண்டர் முன் உட்காரவைத்துவிட்டார். எதன் 50 வீதம், எத்தனை செமஸ்டருக்கு, புள்ளி குறைந்தால் என்ன என்று மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு அவனே தொலைபேசியில் பேசினான். முதல் இரண்டுக்கும் பதில் சொன்ன பெண், மூன்றாவதை விசாரித்துவிட்டு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான்கு நாளாகிறது, இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவனையே மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.